கையெழுத்தில்லாத குறிப்பு: பார்ட் ரயில் வழக்கில் பொறியாளர் சங்கம் எப்போது வந்தது?

1971 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காகப் புது ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த பார்ட் நிறுவனத்துக்குள் ஒரு தட்டச்சுக் குறிப்பு சுற்றுக்கு வந்தது. ரயிலைக் கணினி ஓட்டப்போகிறது, ஆனால் அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பை முழுசாகப் பார்க்க நிறுவனத்தில் ஆளே இல்லை, அதற்கென்று ஒரு தனிப் பொறியியல் பிரிவு வேண்டும் என்று அதில் இருந்தது. குழப்பமில்லாத, பொறியாளர் எழுதிய குறிப்பு. ஆனால் கீழே பெயர் இல்லை, கையெழுத்து இல்லை.

நான்கே மாதத்தில் மூன்று பொறியாளர்கள் வேலை இழந்தார்கள். இந்த நிகழ்வைப் பொறியியல் அறநெறி வகுப்புகளில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, அந்த மூவர் செய்தது சரியா தவறா என்பதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. அந்தக் குறிப்பை எழுதியவர், எழுதுவதற்கு முந்தைய நாள் யாரிடம் போயிருக்க முடியும்? அவர் சார்ந்த தொழிலுக்கு ஒரு நூற்றாண்டாகச் சங்கங்கள் இருந்தன, நெறிமுறை ஏடுகள் இருந்தன, உரிம வாரியங்கள் இருந்தன. அவை எங்கே இருந்தன என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ரயிலை ஓட்டியது யார்

பார்ட் சாதாரணப் புறநகர் ரயில் அல்ல. சான் பிரான்சிஸ்கோ, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா என்ற மூன்று மாவட்டங்களை இணைத்து ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குப் பாதை. வேகம், நிற்பது, கதவு திறப்பது, முன்னால் போகும் ரயிலுக்கும் பின்னால் வரும் ரயிலுக்கும் இடைவெளி விடுவது எல்லாமே தானியங்கி. ரயிலுக்குள் ஒருவர் இருப்பார், ஆனால் அவர் வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பது. அன்றைக்கு இது உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி.

கட்டுப்பாட்டு அமைப்பைச் செய்யும் ஒப்பந்தம் 1967இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்குப் போனது. ஒட்டுமொத்தத் திட்டத்தையும் மேற்பார்க்க மூன்று பெரிய ஆலோசனை நிறுவனங்களின் கூட்டு இருந்தது. ஒப்பந்தத்தில், அமைப்பு எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை எப்படிக் கட்டுவது என்பதை வெஸ்டிங்ஹவுஸிடமே விட்டிருந்தார்கள். இப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் அப்படி எழுதினால், வாங்குகிறவர் பக்கத்தில் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தே ஆக வேண்டும். ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்பார், ஆலோசகர் மேற்பார்வை என்பார், நிறுவனம் நம்பிக்கை என்று சொல்லும். கடைசியில் முழு அமைப்பையும் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். அந்த இடைவெளிதான் மூவர் கண்ணிலும் பட்டது.

ஹோல்கர் ஹியோர்ட்ஸ்வாங் 1966இல் சேர்ந்த அமைப்புப் பொறியாளர். வெஸ்டிங்ஹவுஸ் பணியிடத்திலேயே சில மாதங்கள் இருந்து வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தவர். ராபர்ட் புரூடர் மின்னணு நிறுவல் வேலைகளைப் பார்த்தவர். மேக்ஸ் பிளாங்கன்சீ நிரல் பகுப்பாய்வாளர். முன்பு வெஸ்டிங்ஹவுஸிலேயே வேலை செய்தவர் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூவரும் வேறு வேறு வேலை. ஆனால் மூவருக்கும் ஒரே கவலை: சோதனை போதவில்லை, ஆவணங்கள் சரியில்லை, பயணிகளை ஏற்றும் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டே வருகிறது.

அவர்கள் நேராகப் பத்திரிகைக்குப் போய்விடவில்லை. மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள், பேசினார்கள். பலன் இல்லை. குட்டையைக் குழப்பாதே என்ற தொனியில்தான் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஹியோர்ட்ஸ்வாங் எழுதிய அந்தப் பெயரில்லாத குறிப்பு. அதற்கும் பிறகுதான் நிறுவனத்தின் இயக்குநர் குழு உறுப்பினர்களை அணுகினார்கள். அவர்களில் டேனியல் ஹீலிக்ஸ் காது கொடுத்துக் கேட்டார். எட்வர்ட் பர்ஃபைன் என்ற தனி ஆலோசகர் 1972 ஜனவரியில் அமைப்பைப் பரிசீலித்து, மூவரும் சொன்னதை ஒட்டியே முடிவு சொன்னார். ஹீலிக்ஸ் இந்த ஆவணங்களை மற்ற இயக்குநர்களிடம் கொண்டுபோனார், உள்ளூர்ப் பத்திரிகைக்கும் கொடுத்தார். பத்திரிகையில் வரும் என்று பொறியாளர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. விஷயம் வெடித்தது.

பிப்ரவரியில் இயக்குநர் குழு கூடியது. 10க்கு 2 என்ற வாக்கில் நிர்வாகத்தை ஆதரித்தது. மார்ச் 2, 3 தேதிகளில் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு, நீயாகப் போகிறாயா, நாங்கள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்.

ஒரு பொய், அதன் விலை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வழக்கிலேயே மிகவும் வலிக்கிற இடம் இது.

யார் இயக்குநர்களிடம் பேசியது என்று நிர்வாகம் விசாரித்தபோது, மூவரும் தங்களுக்குத் தொடர்பில்லை என்று சொன்னார்கள். அது உண்மை அல்ல. பின்னால் வேலைநீக்கத்துக்கு நிர்வாகம் சொன்ன காரணங்களில் இதுவும் சேர்ந்துகொண்டது: கீழ்ப்படியாமை, மேலதிகாரியிடம் பொய், நிறுவன நடைமுறையை மீறியது. நீதிமன்றத்துக்குப் போனபோது அவர்கள் கட்சியில் இருந்த பெரிய ஓட்டையும் இதுவே. தொழில்நுட்பத்தில் அவர்கள் சொன்னது எவ்வளவு சரியாக இருந்தாலும், சாட்சிக் கூண்டில் நிற்கும்போது எதிர் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி இருக்காது. "அன்றைக்கு நீங்கள் பொய் சொன்னீர்கள், இல்லையா?" என்பதாகத்தான் இருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது, எதிரே மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார், கூட நிற்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வருவதைத் திட்டமிட்டுப் பேசுகிறவர் எத்தனை பேர்? ஆனால் அந்த ஒரு பதில்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அனுபவமுள்ள ஒருவர் முன்கூட்டியே அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும். எழுதுவதைப் பெயரோடு எழுது, தேதி போடு, நகல் வைத்துக்கொள், கருத்தை அல்ல, அளந்ததை எழுது, யாரிடம் போகிறாய் என்பதை மறைக்காதே, கேட்டால் ஆமாம் என்று சொல்லு. இது பெரிய சட்ட அறிவு இல்லை. தொழிலில் அடிபட்ட மூத்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய அமைப்பு அந்த நவம்பரில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சங்கம் வந்தது, மார்ச்சுக்கு அப்புறம்

வேலை போன பிறகு மூவரும் கலிஃபோர்னியா தொழில்முறைப் பொறியாளர் சங்கத்திடம் போனார்கள். அது மாநில அளவில் இயங்கும் சங்கம்; அமெரிக்கத் தேசியத் தொழில்முறைப் பொறியாளர் சங்கத்தோடு இணைந்தது. அதன் டயப்லோ கிளை இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. இதில் சங்கத்துக்கு உரிய பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். மாநிலத் தலைவராக இருந்த வில்லியம் ஜோன்ஸ் பார்ட் நிர்வாகத்திடம் பேச முயன்றார், கதவு திறக்கவில்லை. கிளையின் ராய் ஆண்டர்சன் போன்றவர்கள் தங்கள் சொந்த நேரத்தைப் போட்டு ஆவணம் திரட்டினார்கள். 1972 நடுவில் ஓர் அறிக்கை தயாரித்து மாநிலச் சட்டமன்றத்திடம் கொடுத்தார்கள். அதில் இரண்டு விஷயங்களைக் கேட்டார்கள்: ரயில் பாதுகாப்பை விசாரியுங்கள், இந்த மூவரை நடத்திய விதத்தையும் விசாரியுங்கள்.

இரண்டையும் ஒன்றாகக் கேட்டது புத்திசாலித்தனம். பாதுகாப்பை மட்டும் கேட்டிருந்தால் மூவரும் மறக்கப்பட்டிருப்பார்கள். மூவரை மட்டும் கேட்டிருந்தால் அது தனிப்பட்ட வேலைத் தகராறாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால் சங்கம் ஒரே குரலில் பேசவில்லை. பகுதியின் இன்னொரு கிளை இந்த முயற்சியை வெளிப்படையாக எதிர்த்தது. ஏன் என்று யூகிப்பது கடினமில்லை. பார்ட் மாதிரியான திட்டத்தில் ஒரு பகுதியின் ஆலோசனை நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள், வடிவமைப்பாளர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். சங்கத்தின் உறுப்பினர்களில் முதலாளியும் உண்டு, ஊழியரும் உண்டு. தகராறு இந்த இருவருக்கும் நடுவில் வரும்போது சங்கம் யார் பக்கம்? மருத்துவர் சங்கத்திலும் வழக்கறிஞர் சங்கத்திலும் உறுப்பினர்களில் பலர் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். பொறியாளர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவரும் அதே கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பொறியாளர் சங்கங்களுக்கு இது கூடவே பிறந்த சிக்கல். எந்த விதி எழுதினாலும் இது தானாகத் தீராது.

சங்கங்கள் எப்போதும் பொதுநலத்துக்காகவே பேசின என்றும் சொல்ல முடியாது. அதே தேசியச் சங்கம், உறுப்பினர்கள் கட்டணத்தில் போட்டி போடக் கூடாது என்று தன் நெறிமுறையில் ஒரு விதி வைத்திருந்தது. போட்டி வந்தால் தரம் குறையும், பொதுமக்கள் பாதுகாப்புக் கெடும் என்று வாதாடியது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, விதியைத் தள்ளுபடி செய்தது. பாதுகாப்பு என்ற சொல்லை ஒரு கிளை மூன்று பேருக்காகப் பயன்படுத்திய அதே காலத்தில், தலைமைச் சங்கம் அதைக் கட்டணத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

மணல் மேட்டில் நின்ற ரயில்

1972 செப்டம்பர் 11 அன்று பார்ட் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 2 அன்று ஃப்ரீமான்ட் நிலையத்தில் ஒரு ரயில் வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. பாதையின் கடைசியையும் தாண்டிப் போய் மணல் மேட்டில் ஏறி நின்றது. சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் ஒரு சின்னப் படிகம். ரயிலில் இருந்த கருவி, தண்டவாளம் வழியாக வரும் வேகக் கட்டளையை அலைவெண்ணைக் கொண்டு படிக்கும். அந்த அலைவெண்ணுக்கு ஆதாரமான படிகம் கெட்டுப்போனது. மெதுவாகப் போ என்ற கட்டளையைக் கருவி வேகமாகப் போ என்று படித்தது. ஒரே ஒரு உதிரிபாகம் பழுதானால் ரயில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்பது ரயில்வே சைகைத் தொழிலில் ஒரு நூற்றாண்டாக இருந்துவரும் அடிப்படை. இங்கே பழுது ஆபத்தான பக்கமாக விழுந்தது. மூவரும் இந்தப் படிகத்தைக் குறிப்பிட்டு எச்சரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சொன்னது, இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சோதனை நடக்கவில்லை என்பது. என் கணக்கில் அதுதான் இன்னும் பெரிய எச்சரிக்கை.

அடுத்த மாதம் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் ஆலன் போஸ்ட் கொடுத்த அறிக்கை பார்ட் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தது. அப்புறம் நிபுணர் குழு வந்தது, மாநில ஒழுங்குமுறை ஆணையம் உள்ளே வந்தது. நின்றுவிட்ட ரயிலைச் சில நேரம் கட்டுப்பாட்டு அமைப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் தெரியவந்தது. உலகின் நவீனமான தானியங்கி ரயிலில், ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ரயிலை அனுப்ப வேண்டியதாயிற்று. பழுதை ஈடுகட்டக் கூடுதல் தர்க்கச் சுற்று ஒன்றைச் சேர்த்தார்கள். வளைகுடாவின் அடியில் போகும் சுரங்கப்பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1974 செப்டம்பரில்தான். அதே ஆண்டு இயக்குநர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது.

மூவரும் நீக்கப்பட்ட பிறகு மாதக்கணக்கில் வேலை தேடினார்கள்.

நீதிமன்றத்துக்கு ஒரு மனு

மூவரும் பார்ட் மேல் 8,75,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். இங்கேதான் இன்னொரு சங்கம் வருகிறது: மின், மின்னணுப் பொறியாளர்களின் ஐ ட்ரிப்பிள் ஈ.

அந்த அமைப்பு அதுவரை பெரும்பாலும் ஆய்விதழ், மாநாடு, தரநிலை என்ற வட்டத்துக்குள் இருந்தது. 1972இல்தான் உறுப்பினர்கள் வாக்களித்து, தொழில் வாழ்க்கை சார்ந்த விஷயங்களிலும் சங்கம் ஈடுபடலாம் என்று அதன் சாசனத்தைத் திருத்தினார்கள். அதன் முன்னோடிச் சங்கம் 1912இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையைப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது புரியும். வாடிக்கையாளர் அல்லது முதலாளியின் நலனைக் காப்பதே பொறியாளரின் முதல் கடமை என்றது அது. 1947இல் பல சங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டவை, பொதுமக்களின் உயிரையும் உடல்நலத்தையும் உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று எழுதியது. 1974இல் அதே கூட்டவை சொல்லை மாற்றியது: பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல். 62 ஆண்டில் முதலாளியிலிருந்து மக்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

1975 ஜனவரியில் ஐ ட்ரிப்பிள் ஈ இந்த வழக்கில் அமிக்கஸ் கியூரியாக, அதாவது எந்தத் தரப்பிலும் சேராமல் நீதிமன்றத்துக்கு உதவ வந்தவராக, ஒரு மனு கொடுத்தது. அதன் வாதம் எளிமையானது, ஆனால் அன்றைக்குப் புதுசு. பொறியாளரை வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதாத ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்பைக் காக்கும் தொழில் கடமையைச் செய்ததற்காக அவரை நீக்க முடியாது. நீக்கினால் அது ஒப்பந்த மீறல்.

இந்த வாதத்தின் அழகைக் கவனியுங்கள். நெறிமுறை ஏடு என்பது அதுவரை பொறியாளருக்கு மட்டும் சொல்லப்பட்ட அறிவுரை. நீ இப்படி நட, அப்படி நடக்காதே. அதைக் கடைப்பிடித்ததால் வரும் நஷ்டம் முழுக்க அவர் தலையில். ஐ ட்ரிப்பிள் ஈ அந்த ஏட்டைத் திருப்பி முதலாளி பக்கம் காட்டியது. நீ பொறியாளரை வேலைக்கு எடுத்தபோது இந்த ஏட்டையும் சேர்த்தே எடுத்தாய் என்றது. சங்கம் உறுப்பினருக்குச் செய்யக்கூடிய சேவைகளில் இதைவிடப் பெரியதாக ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை. மாநாட்டுக் கட்டணத்தில் சலுகை, இதழ் சந்தா எல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆனால் நீதிமன்றம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குள் வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. 75,000 டாலர், மூவருக்கும் சமமாக. அதிலும் 40 சதவீதம் வழக்கறிஞர் கட்டணம். அந்தப் பழைய பொய் சாட்சிக் கூண்டில் தங்களைக் கவிழ்த்துவிடும் என்பதும் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம். நவம்பரில் கிடைக்காத ஒரு மணி நேர ஆலோசனையின் விலை இது.

உரிம வாரியம் எங்கே போயிற்று

கலிஃபோர்னியாவில் பொறியாளர் உரிமச் சட்டம் 1929இல் வந்தது. முந்தைய ஆண்டு மார்ச்சில் செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உடைந்து, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அணையைக் கட்டிய வில்லியம் மல்ஹாலண்ட் தானாகக் கற்று மேலே வந்தவர். அவர் வடிவமைப்பை வெளியாள் எவரும் பரிசீலித்திருக்கவில்லை. வயோமிங் மாநிலம் 1907இலேயே உரிமம் கொண்டுவந்துவிட்டது. மற்ற மாநிலங்களை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளியதில் இப்படிப்பட்ட சாவுகளுக்கும் பங்கு உண்டு.

இருந்தும் பார்ட் கதையில் உரிம வாரியத்தின் பெயர் எங்கும் வருவதில்லை. பாலம், அணை, கட்டிடம் என்றால் வரைபடத்தில் ஒருவர் முத்திரை குத்தியே ஆக வேண்டும். ரயிலை ஓட்டும் நிரலுக்கும் மின்னணுச் சுற்றுக்கும் அப்படி முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. உரிமச் சட்டங்களில் தொழிற்சாலை ஊழியர்களுக்கு விலக்கு கொடுத்திருப்பதால், சம்பளத்துக்கு வேலை செய்யும் பெரும்பாலான மின்னணுப் பொறியாளர்கள் உரிமம் இல்லாமலேயே ஓய்வு பெறுகிறார்கள். பின்னால் மென்பொருள் பொறியியலுக்கென்று 2013இல் ஓர் உரிமத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2019இல் நிறுத்திவிட்டார்கள். அதுவரை எழுதியவர்கள் மொத்தம் 81 பேர்.

முத்திரை இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? தானாக எதுவும் மாறியிருக்காது. அதற்குக் கான்சாஸ் சிட்டி சாட்சி. 1981 ஜூலை 17 அன்று ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் இரண்டு தொங்கு நடைபாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாகத்தான் முதல் வடிவமைப்பு. வேலை எளிதாகட்டும் என்று அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். அதனால் மேல் நடைபாதையின் விட்டத்துக்கு அடியில் இருந்த மரைமேல் இரட்டைச் சுமை ஏறியது. அந்த மாற்றம் இருந்த வரைபடத்தில் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனத்தின் பரிசீலனை முத்திரை இருந்தது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அதே நிறுவனம், தளத்தில் முழுநேரமும் தன் ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று கட்டுமானக் காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. செலவாகும் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். நிறுவனமும் விட்டுவிட்டது.

மிசௌரி மாநில வாரியம் பிறகு விசாரித்து, பொறுப்பிலிருந்த இரு பொறியாளர்களின் உரிமத்தை ரத்து செய்தது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாரியம் தண்டிக்கத்தான் இருக்கிறது என்று இதைப் படித்துவிட்டுப் பல பொறியாளர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆள் இல்லாமல் நான் பொறுப்பேற்க முடியாது, முத்திரை என்னுடையது, உரிமம் போனால் பிழைப்பே போய்விடும் என்று உரிமையாளரிடம் சொல்வதற்கு வாரியம் கொடுத்த காரணம் அது. வீம்புக்காகச் சொல்லவில்லை, சட்டம் விடவில்லை என்று சொல்ல முடிகிறபோது, பயந்த சுபாவம் உள்ளவர்கூட மறுக்க முடியும். ஹயாட்டில் அந்தக் காரணம் கையில் இருந்தது, பயன்படுத்தவில்லை. பார்ட்டில் மூவருக்கும் பயன்படுத்த மனம் இருந்தது, கையில் முத்திரை இல்லை.

நவம்பருக்கான கதவு

பார்ட் வழக்குக்குப் பிறகு ஐ ட்ரிப்பிள் ஈ சும்மா இருக்கவில்லை. 1977இல் நியூயார்க்கில் வர்ஜீனியா எட்ஜர்டன் என்ற கணினிப் பொறியாளர், காவல்துறை அவசர அழைப்பு அமைப்பு இயங்கும் கணினியிலேயே இன்னொரு பெரிய அமைப்பையும் ஏற்றினால் அவசர வண்டிகள் தாமதமாகும் என்று எச்சரித்தார். அவருக்கும் வேலை போனது. இந்த முறை சங்கத்தின் ஒரு குழு விசாரித்து, அவர் செய்தது சரி என்று எழுத்தில் சொன்னது. 1978இல் உறுப்பினர் நடத்தைக் குழு ஒன்றும் உருவானது. நெறி தவறியவரை விசாரிப்பது மட்டும் அதன் வேலை அல்ல. நெறியைக் கடைப்பிடித்ததால் சிக்கலில் மாட்டிய உறுப்பினருக்குத் துணை நிற்பதும் அதன் வேலை.

ஆனாலும் இவை எல்லாமே அடி விழுந்த பிறகு வருபவை. அதற்கு முன்பே வரும் முயற்சியும் நடந்தது. 1996இல் அறநெறிச் சிக்கலில் இருக்கும் பொறியாளர்கள் கூப்பிட்டுப் பேச ஓர் உதவித் தொடர்பைத் திறந்தார்கள். நான் மேலே சொன்ன அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கான இடம் அதுதான். மறு ஆண்டே சங்கத்தின் தலைமை அதை நிறுத்திவைத்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் எந்தப் பெரிய அமைப்புக்கும் இருக்கும். ஆனால் நவம்பரில் கேட்க வருகிறவரை மார்ச்சில் வா என்று அனுப்பும் சங்கம், தன் வேலையில் பாதியை விட்டுவிடுகிறது.

வேறு இடங்களில் கொஞ்சம் நல்ல பாடங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் கட்டமைப்புப் பொறியாளர்களுக்காக 2005இல் கிராஸ் என்ற ரகசிய அறிக்கை முறை தொடங்கியது. ஆபத்தாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்தவர் எழுதி அனுப்புவார். அனுப்பியவர் பெயர் அந்த அமைப்புக்குத் தெரியும், வெளியே போகாது. எந்தக் கட்டிடம், எந்த நிறுவனம் என்ற அடையாளங்களை நீக்கி, பாடத்தை மட்டும் வெளியிடுகிறார்கள். ஹியோர்ட்ஸ்வாங்கின் குறிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப நுட்பமானது. அவர் குறிப்பில் பெயரே இல்லை, அதனால் அதைப் படித்தவர் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, ஆனால் பத்திரமாக இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உரிமம் கொடுக்கும் அமைப்பு பொறியாளர்களுக்காக வாதாடவும் செய்வது முரண் என்று உணர்ந்து, 2000இல் வாதாடுவதற்கென்று தனிச் சங்கம் ஒன்றை உருவாக்கினார்கள். உரிம அமைப்பு பொதுமக்கள் பக்கம், சங்கம் உறுப்பினர் பக்கம். இரண்டுக்கும் ஒரே நாற்காலி போட்டால் சிக்கலான நாளில் யாருக்கும் உதவாது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, சங்கத்தில் சேரப்போகும் ஓர் இளம் பொறியாளர் இந்த வழக்கிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? சந்தா கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். வேலையில் ஒரு பாதுகாப்புச் சிக்கல் வந்தால், புகார் எழுதுவதற்கு முன்பே ரகசியமாகப் பேச ஆள் உண்டா? என் முதலாளியும் இதே சங்கத்தின் உறுப்பினராக இருந்தால், விசாரிக்கும் குழுவில் அவர் உட்கார முடியாது என்று விதி இருக்கிறதா? சட்ட உதவிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, இல்லை தீர்மானம் போடுவதோடு சரியா? பதில் தெளிவாக வரவில்லை என்றால் சேரக் கூடாது என்று அர்த்தமில்லை. சேர்ந்து, அந்தக் கேள்விகளை ஆண்டுக் கூட்டத்தில் கேட்க வேண்டும். ஐ ட்ரிப்பிள் ஈயின் சாசனம் மாறியதும் உறுப்பினர்கள் போட்ட வாக்கால்தான்.

அந்த 1975 மனுவின் வாதத்தை எந்த நீதிபதியும் தீர்ப்பில் எடுத்துச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1980இல், ஒரு மருந்து நிறுவனத்தை விட்டு விலகிய மருத்துவரின் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ஒரு தொழிலின் நெறிமுறை ஏடு சில நேரங்களில் பொதுக் கொள்கையின் வெளிப்பாடாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மருத்துவர் வழக்கில் தோற்றார்.

1978இல் ஐ ட்ரிப்பிள் ஈயின் சமூக விளைவுகள் குழு, பொதுநலச் சேவைக்கான தன் முதல் விருதை ஹியோர்ட்ஸ்வாங், புரூடர், பிளாங்கன்சீ மூவருக்கும் கொடுத்தது. ஆளுக்கு ஒரு சான்றிதழ், 750 டாலர். 1971இல் எழுதிய குறிப்பில் இல்லாத பெயர்கள், இந்தத் தாளில் அச்சாகியிருந்தன.